கடைசியில் தைக்கிற கை

பெருமாநல்லூர் ரோட்டில், சாயப்பட்டறைக்குப் பின்சந்து.
பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷினுக்கு
நான்தான் டிசைன் போடுகிறவள்.
ஆர்டரே இல்லாத ஆடியில்
வந்து விழுந்தது அந்த பேட்ஜ்:
குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள்,
மணிக்கட்டுக்கு ஒரு கொடி,
கீழே இரண்டு எழுத்துகளில் ஒரே வாசகம்.
என்றும் குறையாத நட்பு என்று அர்த்தமாம்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பீஸ்.

பேர் வேண்டாம்.
ஒன்று வடக்கே, பனிக்குள்.
இன்னொன்று அதன் தோளை இடித்துக்கொண்டு கிழக்கே.
இரண்டிலும்
சுவருக்குக் காது முளைத்து நாளாகிவிட்டது.

ஆளுக்கு ஒரு செக்கரை அனுப்பினார்கள்.
ஒரே ஓட்டல், வேறு வேறு மாடி.
ஒரே நேரத்தில் கிளம்பி
இரண்டு காரில் வந்தார்கள்.

முதல் நாளே சிக்கல்:
எவன் கட்டைவிரல் மேலே?
நூலுக்குத் தெரிந்தது ஒரே விதி.
கடைசியில் தைக்கிற கை மேலே நிற்கும்,
முதலில் தைத்தது அடியில் போகும்.
வடக்கத்திக்காரர் தனியாக வந்து
சாக்லேட் டப்பா வைத்துவிட்டுப் போனார்.
கிழக்கத்திக்காரர் எதுவும் வைக்கவில்லை.
என் மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரை
எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டுச்
சிரித்தார்.

முதலாளிகளிடம் போனேன்.
அவர்களும் இரண்டு பேர்.
கிட்டுசாமியிடம் ஒரு சாவி, பொங்கியண்ணனிடம் ஒரு சாவி,
இரண்டும் போட்டால்தான் பெட்டி திறக்கும்.
ஒருவர் திருப்பதி கிளம்பினால்
மற்றவருக்கும் அன்றைக்கே வேண்டுதல் வந்துவிடும்.
"பாதிக்குப் பாதி போட்டுரு கண்ணு.
அவியவியளுக்கு அவியவிய கை
மேல இருந்துட்டுப் போவுது" என்றார்கள்,
அதிசயமாக ஒரே குரலில்.

எழுபதாயிரத்தில் அவன் மேலே.
எழுபதாயிரத்தில் இவன் மேலே.
ஒரே மேடையில் இரண்டும் எதிரெதிரே நிற்கும் நாளில்
யாரும் குனிந்து பார்க்காமல் இருக்கவேண்டும்.

துபாஷி கேட்டான்,
கூட்டாளிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்?
பங்காளி என்றேன்.
நல்ல வார்த்தையா?
பொதுக்கிணறு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள் என்றேன்.
அவன் எழுதிக்கொண்டான்.

சலவைச் சோதனை. அறுபது டிகிரி, நாற்பது நிமிடம்.
எடுத்து உதறினால்
கிழக்கின் சிவப்பு
வடக்கின் வெள்ளையில் இறங்கியிருந்தது,
கரையோரம் முழுக்க, ரோஜா நிறத்தில்.
நொய்யலுக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான்,
சாயம் இறங்கினால் திரும்ப ஏறாது.
வடக்கத்திக்காரர் அந்தத் துண்டை
ட்யூப்லைட்டுக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்தார்.
பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.
ஏன் சார் என்றேன்.
"வேறு யார் எங்கள் சரக்கை வாங்குகிறார்கள்?" என்றார்,
பேனாவை மூடாமலே.

பழுதான பீஸைக் கரித்துணியாகப் போடக்கூடாது,
கொடி இருக்கிறது.
எண்ணி எரிக்கவேண்டும்.
பின்வாசலில் தகர டின்னுக்கு இரண்டு பக்கமும் நின்று
அவர் கொடி எத்தனை எரிந்தது என்று இவரும்
இவர் கொடி எத்தனை என்று அவரும்
எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
ஒரே பேட்ஜில்தானே இரண்டும் இருக்கிறது?
அதை நான் சொல்லவில்லை.
பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

கடைசி லாட் ஓடும்போது கரண்ட் போனது.
பன்னிரண்டு ஊசியும் துணிக்குள்ளேயே நின்றன.
ஒரு கை முழுசாக நீண்டிருந்தது.
மற்றதில் இரண்டு விரல் மட்டும்,
பிடிக்க வந்ததா
பிடுங்க வந்ததா தெரியாமல்.
ஃப்ரேமைத் திருப்பினேன்.
பின்பக்கம் இருவருக்கும் ஒரே வெள்ளை நூல்,
முடிச்சு முடிச்சாக.

ஜெனரேட்டர் போடவா அக்கா என்றான் ஒடிசாக்காரப் பையன் பிஜய்.
இரு என்றேன்.
உள்ளே இருட்டில்
டீசல் யார் கணக்கில் என்று
கிட்டுசாமியும் பொங்கியண்ணனும்
மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.